கூட்டாகவும் தனித்தனியாகவும்

(இளங்கலை வணிகவியல், மூன்றாம் ஆண்டு)

“எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?” என்று கேட்பார்கள் நம் பெரியவர்கள். எழுதிய கடனுக்கும் அழ நேரும் என்பதை என் வீட்டிலேயே கண்டவன் நான். அந்த அழுகைக்குக் காரணமாய் நின்றவை ஒரு பத்திரத்தில் இருந்த இரண்டு சொற்கள். அவ்விரண்டையுமே இக்கட்டுரைக்குத் தலைப்பாக வைத்திருக்கிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துக் கொண்டிருந்த காலம். என் தந்தையாரின் நண்பர் ஒருவர் சரக்கு ஏற்றும் சிறிய வண்டி வாங்குவதற்காக 2 லட்சம் ரூபாய் கடன் கேட்டிருந்தார். இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும் என்றார்கள். மளிகைக் கடை வைத்திருக்கும் என் தந்தையாரும், அதே தெருவைச் சேர்ந்த இன்னொருவரும் கையெழுத்திடச் சென்றனர். குமாஸ்தா பத்திரத்தை ஓட்டமாகப் படித்துக்கொண்டே போனார். “நாங்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பேற்று” என்று வந்த இடத்தில் தந்தையார் நிறுத்தினார்.

“அதென்னங்க, கூட்டாகவும் தனித்தனியாகவும்? ரெண்டுல எது?”

“எல்லாப் பத்திரத்துலயும் அப்படித்தாங்க இருக்கும். கையெழுத்தப் போடுங்க.”

தந்தையார் தமக்குத் தெரிந்த தமிழில் பொருள் செய்துகொண்டார். நண்பர் கட்டாமல் போனால் இருவரும் கூட்டாகப் பொறுப்பு. அதைத் தனித்தனியாகப் பிரித்தால் ஆளுக்குப் பாதி. நியாயமாகத்தான் இருக்கிறது என்று எண்ணிக் கையெழுத்திட்டார்.

ஈராண்டில் நண்பரின் தொழில் நொடித்தது. அவர் ஊரை விட்டே போய்விட்டார். மற்றொரு ஜாமீன்தாரருக்குச் சொத்து ஏதும் இல்லை. மீதிக் கடன் முழுவதற்கும், வட்டியோடு, என் தந்தையார் பெயருக்கு மட்டும் நோட்டீஸ் வந்தது. “பாதிதானே என் பங்கு?” என்று கேட்கப் போனவருக்கு, அதே இரண்டு சொற்களின்மேல் விரலை வைத்துக் காட்டினார்கள். அம்மாவின் வளையல்கள் போயின. அக்காள் கல்லூரியில் சேரவேண்டிய ஆண்டு அது. ஓராண்டு தள்ளிப் போயிற்று. கடனைக் கட்டி முடிக்க நான்கு ஆண்டுகள் ஆயின.

சென்ற ஆண்டு வணிகச் சட்ட வகுப்பில் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் படித்தபோதுதான் எங்கள் வீட்டில் நடந்தது இன்னதென்று எனக்கு விளங்கிற்று. விளங்கியதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதும், அதையொட்டி என் கருத்து ஒன்றைச் சொல்வதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

தேநீர்க் கடைத் தமிழும் சட்டத் தமிழும்

நம் கல்லூரி உணவகத்தில் நால்வர் தேநீர் அருந்திவிட்டு, “தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள்” என்றால் என்ன பொருள்? அவரவர் குடித்ததற்கு அவரவர் காசு. இதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் கடன் பத்திரத்தில் உள்ள “தனித்தனியாக” என்பதற்குப் பொருள் இதற்கு நேர்மாறானது. நால்வரில் ஒவ்வொருவரும் நான்கு தேநீருக்கும் முழுப் பொறுப்பாளி என்பதே அதன் பொருள். கடைக்காரர் எவர் சட்டைப்பையில் காசு இருக்கிறதோ அவரைப் பிடித்து முழுத் தொகையையும் வாங்கிக் கொள்ளலாம். இரண்டு முறை வாங்கக் கூடாது, அவ்வளவுதான். காசு கொடுத்தவர் பிறகு மற்ற மூவரையும் தேடிப் போய் அவர்கள் பங்கைக் கேட்டு வாங்கிக் கொள்ளவேண்டும்.

“கூட்டாக” என்பதால் எல்லாரையும் ஒரே வழக்கில் சேர்த்துக் கேட்கலாம். “தனித்தனியாக” என்பதால் எவரையும் ஒற்றையாய்ப் பிடித்தும் முழுவதையும் கேட்கலாம். எது வசதியோ அதைத் தேர்ந்தெடுப்பவர் கடன் கொடுத்தவர். “ரெண்டுல எது?” என்ற என் தந்தையாரின் கேள்விக்கு உரிய விடை, “இரண்டுமே, அவர்கள் விருப்பம்போல்” என்பதாகும்.

ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. பலர் சேர்ந்து ஒரு வாக்குறுதி கொடுத்தால், வேறு உடன்பாடு வெளிப்படையாக இல்லாதபோது, அவர்களில் எவரையும் முழுவதையும் நிறைவேற்றும்படி கட்டாயப்படுத்தலாம். ஜாமீன்தாரரின் பொறுப்பு, கடன்தாரரின் பொறுப்பளவுக்கு விரிந்தது என்கிறது 128-ஆம் பிரிவு. “முதலில் கடன் வாங்கியவனைப் பிடியுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்” என்று ஜாமீன்தாரர் தட்டிக் கழிக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1969-இல் வெளியான, பீகார் வங்கி தொடுத்த ஒரு வழக்கின் தீர்ப்பிலேயே தெளிவாக்கிவிட்டது. இணை ஜாமீன்தாரர்கள் தங்களுக்குள் சமமாகப் பங்கிட்டுக் கொள்ளவேண்டும் என்று 146-ஆம் பிரிவு சொல்வது உண்மையே. ஆனால் அது அவர்களுக்குள் உள்ள கணக்கு. சொத்தில்லாதவரிடம் அந்த உரிமையைக் கொண்டு என்ன வாங்க முடியும்?

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. “கூட்டாகவும் தனித்தனியாகவும்” என்ற சொற்கள் அந்தப் பத்திரத்தில் இல்லாமலே போயிருந்தாலும் என் தந்தையார் தப்பியிருக்க மாட்டார். சட்டமே அப்பொறுப்பைச் சுமத்தியிருக்கும். அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடியது, “என் பொறுப்பு பாதித் தொகைக்கு மட்டுமே” என்ற ஒரு வரி. அந்த வரியை எழுதிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. “ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாவிட்டால்” என்றுதான் 128-ஆம் பிரிவு சொல்கிறது. இணை ஜாமீன்தாரர்கள் வெவ்வேறு தொகைக்குப் பொறுப்பேற்கலாம் என்பதை 147-ஆம் பிரிவு ஏற்கிறது. ஆனால் அந்த வரி இல்லை என்பதையே அவர் உணரவில்லை. எழுதியிருந்த சொற்கூட்டத்தைக் கண்டு, அதற்குள்ளே தாம் நினைத்ததும் எங்கோ இருக்கும் என்று நம்பிவிட்டார்.

நிலம் விற்றவர் எதை விற்றார்?

இப்படி இரண்டும் மூன்றும் எட்டுமாய்ச் சொற்களை ஒன்றாய்க் கட்டி எழுதுவது நம் பத்திரங்களின் பழைய வழக்கம். பரணில் கிடக்கும் கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். “நிதி நிட்சேபம் ஜல தரு பாஷாண சித்த சாத்தியங்கள் சகிதமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன்” என்று அது ஓடும். என் வகுப்புத் தோழர் ஒருவரிடம் இதைப் படித்துக் காட்டினேன். “பாஷாணமா? எலிக்கு வைப்பதை எதற்கு நிலத்தோடு சேர்த்து விற்கிறார்கள்?” என்றார்!

வடமொழியில் பாஷாணம் என்றால் கல். இச்சொற்கள் ‘அஷ்டபோகம்’ எனப்படும் எட்டு வகை அனுபவங்களிலிருந்து வந்தவை. நிதி, புதையல். நிட்சேபம், வைப்பாக வைத்த பொருள். ஜலம், நீர். பாஷாணம், கல். அட்சிணி, இப்போது கிடைத்துவரும் குறையாத பயன். ஆகாமி, இனி வரும் பயன். சித்தம், கைகூடியது. சாத்தியம், கைகூடக் கூடியது. சில பத்திரங்களில் மரத்தைக் குறிக்கும் ‘தரு’வும் சேரும். விஜயநகர மன்னர்கள் ஊர்களைத் தானமாக அளித்த செப்பேடுகளில் இவ்வரிசையைக் காணலாம்.

அதற்கும் முந்திய சோழர் செப்பேடுகளில் இதே கருத்து நல்ல தமிழில் இருக்கிறது. “மேல்நோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும்” என்றும், “உடும்போடி ஆமை தவழ்ந்தது” என்றும் எழுதினார்கள். உடும்பு ஓடும் மேட்டு நிலமும் ஆமை தவழும் ஈர நிலமும் அடங்க என்பது கருத்து. ஊரார் எவர் படித்தாலும், எவர் படிக்கக் கேட்டாலும், கண்ணுக்கு முன்னால் மரமும் கிணறும் உடும்பும் ஆமையும் வந்து நிற்கும். அங்கே ஒவ்வொரு சொல்லும் தன் வேலையைச் செய்தது. மரத்தைச் சொல்லாவிட்டால் நாளை மரத்துக்கு ஒருவன் வழக்குக்கு வருவான். கிணற்றைச் சொல்லாவிட்டால் நீருக்கு ஒருவன் வருவான். ஆதலால் அடுக்கிச் சொன்னார்கள்.

இன்று அந்த அடுக்குக்கு வேலை உண்டா? 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 8-ஆம் பிரிவில் அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. வேறு கருத்து தெரிவிக்கப்படாவிட்டால், விற்பவருக்கு அச்சொத்தில் உள்ள உரிமை முழுவதும், அதைச் சார்ந்தவையும் வாங்குபவருக்கு உடனே சென்று சேரும். நிலமானால் அதைச் சார்ந்த வழிநடை போன்ற உரிமைகள், இனி வரும் வாடகையும் வருமானமும், நிலத்தில் ஊன்றி நிற்பவை எல்லாம் அதில் அடங்கும். “எனக்கு இதை விற்க உரிமை உண்டு” என்று விற்பவர் உறுதி கூறியதாகவே 55-ஆம் பிரிவு கொள்கிறது. 140 ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் சுமந்துகொண்ட பாரத்தை நம் பத்திரங்கள் இன்னும் இறக்கி வைக்கவில்லை.

அதுமட்டுமன்று. அடுக்கில் உள்ள சில சொற்கள் கொடுக்க முடியாததையும் கொடுப்பதாகச் சொல்கின்றன. ‘நிதி நிட்சேபம்’ எழுதி வாங்கிய நிலத்தில் நாளை உழும்போது ஒரு குடம் பொற்காசு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தைக் காட்டி வைத்துக்கொள்ள முடியுமா? முடியாது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். அதன்பின் அது யாருக்கு என்பதை அச்சட்டமே முடிவு செய்யும்.

‘பாஷாண’த்தின் கதையும் அவ்வாறே. மலபார் பகுதி நிலங்களைப் பற்றிய ஒரு வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம், சட்டம் முறையாகப் பறித்தாலன்றி அடிநிலக் கனிமமும் நில உடைமையைத் தொடர்ந்தே செல்லும் என்றது. ஆயினும் கனிமச் சட்டங்களின்படி உரிமம் பெறாமல் அதைத் தோண்டி எடுக்க இயலாது. உரிமை வந்தாலும் நிலத்தின் வழியாக வருகிறதேயன்றிப் ‘பாஷாணம்’ என்ற சொல்லின் வழியாக வருவதில்லை.

நம்மிடம் மட்டுமா?

ஆங்கிலப் பத்திரங்களிலும் இந்நோய் உண்டு. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அந்நாட்டுச் சட்டத்தில் பிரெஞ்சு புகுந்தது. இலத்தீன் முன்பே இருந்தது. மக்கள் பேசியதோ ஆங்கிலம். எந்தச் சொல் யாருக்குப் புரியுமோ என்று ஒன்றுக்கு இரண்டாக எழுதத் தொடங்கினர் எழுத்தர்கள். ‘வில் அண்ட் டெஸ்டமென்ட்’ என்பதில் முன்னது ஆங்கிலம், பின்னது இலத்தீன் வழி வந்தது, இரண்டும் உயில்தான். ‘குட்ஸ் அண்ட் சாட்டல்ஸ்’ என்பதிலும் முன்னது ஆங்கிலம், பின்னது பிரெஞ்சு.

நம் பத்திரங்களிலும் இவ்வாறே ஆட்சிகள் மாறிய சுவடு இருக்கிறது. “ஷரத்துகளும் நிபந்தனைகளும்” என்கிறோமே, ஷரத்து அரபு மொழியிலிருந்து வந்தது. நிபந்தனை வடமொழிச் சொல். ‘ஜாமீன் பிணை’ என்று சேர்த்து எழுதினால் முன்னது அரபு, பின்னது தமிழ். ‘வசூல்’, ‘ரத்து’, ‘மாமூல்’ எல்லாம் அவ்வழி வந்தவையே. யாரும் பழையதை அழிக்கவில்லை. புதியதைப் பக்கத்தில் சேர்த்தார்கள்.

நீளத்துக்குக் கூலி என்ற வழக்கமும் எழுத்தர்களின் கையை நீட்டியது. இங்கிலாந்தில் 1596-இல் ஒரு வழக்கு நடந்தது. 16 பக்கத்தில் அடங்கக் கூடிய ஒரு மனுவை 120 பக்கத்துக்கு எழுதியிருந்தார் வாதியின் மகன். சினங்கொண்ட நீதிபதி, அந்தக் காகிதக் கட்டின் நடுவே ஓட்டையிட்டு, எழுதியவரின் தலையை அதில் நுழைத்து, வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நீதிமன்றம் நீதிமன்றமாகச் சுற்றிக் காட்டும்படி ஆணையிட்டார். இன்று அத்தண்டனை இருந்தால் நம் ஊர்களில் எத்தனை பேர் காகித மாலையோடு நடப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்!

கூட்டத்தோடு கோவிந்தா

“போகட்டும், கூடுதலாக நான்கு சொல் இருந்தால் யாருக்கு என்ன நட்டம்?” என்று சிலர் கேட்கலாம். நட்டம் உண்டு என்பதே என் வாதம். வெறும் சொற்கள் கூட்டமாக நிற்கும்போது, அக்கூட்டத்துக்குள் உயிருள்ள ஒரு சொல் மறைந்து நிற்க முடிகிறது. கூட்டத்தோடு கோவிந்தா போடும் சொற்களைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது, கடிக்கும் சொல் வரும்போதும் தூங்கிவிடுகிறது.

பொது அதிகாரப் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். வெளியூரில் மகன் வீட்டில் வாழும் முதியவர் ஒருவர், ஊரிலுள்ள வீட்டைப் பார்த்துக்கொள்ள உறவினர் ஒருவருக்கு அதிகாரம் எழுதித் தருகிறார். “மேற்படி சொத்தைப் பராமரிக்கவும், வரி செலுத்தவும், வாடகை வசூலிக்கவும், ரசீது கொடுக்கவும், வழக்காடவும், விற்கவும், பழுது பார்க்கவும்” என்று பத்திரம் ஓடுகிறது. ஏழில் ஆறு, வீட்டைக் காக்கும் சொற்கள்; ஒன்று, வீட்டையே போக்கும் சொல். அதிகாரப் பத்திரம் தானே விற்பனையாகிவிடாது, பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் ‘விற்கவும்’ என்ற அந்த ஒரு சொல் இருந்தால், அந்தக் கிரயப் பத்திரத்தையே முதியவரின் பெயரால் உறவினர் எழுதிக் கொடுத்துவிடலாம் அன்றோ?

நீதிமன்றங்கள் இவ்வடுக்குகளை எப்படிப் படிக்கின்றன? பொதுவாக, எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் ஏதேனும் பொருள் கொடுக்கவே முயல்கின்றன. ஆகவே “சும்மா சேர்த்தது” என்று பின்னர் சொல்லித் தப்புவது எளிதன்று. ஒரே இனத்துப் பொருள்களை அடுக்கிவிட்டு ‘மற்றும் இதர’ என்று முடித்தால், அந்த ‘இதர’ அவ்வினத்தைத் தாண்டிப் போகாது என்று பொருள் கொள்வது ஒரு முறை. வாடகை ஒப்பந்தத்தில் “கட்டில், மேசை, நாற்காலி மற்றும் இதர பொருள்கள்” வீட்டுக்காரருக்கு உரியவை என்றிருந்தால், குடியிருப்பவரின் மோட்டார் சைக்கிளை ‘இதர’வில் தள்ள முடியாது. இரு பொருள்பட நிற்கும் சொல்லை, அதை எழுதியவருக்கு எதிராகவே கொள்வது இன்னொரு முறை. காப்பீட்டு வழக்குகளில் இது பலமுறை கைகொடுத்திருக்கிறது.

பேரம் பேச வழியில்லாத எளியவர்மேல் சுமத்திய நியாயமற்ற நிபந்தனையை நீதிமன்றம் தள்ளியதும் உண்டு. காரணம் சொல்லாமலே மூன்று மாத அறிவிப்பில் நிரந்தர ஊழியரை வீட்டுக்கு அனுப்பலாம் என்ற ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் விதியை 1986-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் சமபலமுள்ள வணிகர்கள் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களுக்கு அது பொருந்தாது என்றும் அத்தீர்ப்பிலேயே சொல்லிற்று. இந்த உதவிகள் எல்லாம் வழக்குத் தொடுத்து, ஆண்டுகள் காத்து, பணம் செலவழித்த பிறகு கிடைப்பவை. கையெழுத்திடும் வேளையில் ஒரு கேள்விக்கு நேர்மையான விடை கிடைத்தால் போதுமே!

மறுபக்கத்தின் வாதம்

ஆவண எழுத்தர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. “ஒரு சொல் தவறினால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். இவை நீதிமன்றத்தில் அடிபட்டுப் பொருள் உறுதியான சொற்கள். புதுச்சொல் போட்டால் புதுவழக்கு வரும்” என்பார்கள். உண்மைதான். ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்பதே அப்படி உறுதிப்பட்ட சொற்றொடர். அதை நீக்கச் சொல்லவில்லை நான். அது எதைச் செய்கிறது என்று கையெழுத்திடுபவருக்குச் சொல்லுங்கள் என்கிறேன். “எல்லாப் பத்திரத்திலும் அப்படித்தான்” என்பது ஒரு சொல்லின் பொருள் ஆகாது.

தமிழ்ப்பற்று மிக்க நண்பர் சிலர், வடசொற்களை எல்லாம் நீக்கித் தூய தமிழாக்கிவிட்டால் போதும் என்பர். நல்ல தமிழ் வேண்டும் என்பதில் எனக்கும் மாறுபாடில்லை. ஆனால் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்பதில் தமிழல்லாத எழுத்து ஒன்றேனும் உண்டா? தூய தமிழாய் இருந்தும் அது என் தந்தையாரை ஏமாற்றியது. புரியாத எட்டு வடசொற்களுக்குப் பதிலாகப் பொருளறியாத எட்டுத் தமிழ்ச் சொற்களை வைத்தால் ஓதும் மந்திரம் மாறும், ஓதுவது நிற்காது.

பதிவு அலுவலகத்தில் யாரேனும் விளக்கமாட்டார்களா என்றால், சார்பதிவாளர் எழுதிக் கொடுத்தவர் இவர்தாமா, எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொள்கிறாரா என்றுதான் விசாரிப்பார். ஒவ்வொரு சொல்லுக்கும் உரை சொல்வது அவர் வேலையன்று. கடன் கொடுப்பவரின் குமாஸ்தாவுக்கோ அடுத்த ஆள் வரிசையில் நிற்கிறார். ஆக, அந்த மேசையின் முன் நிற்கும் மனிதர் தனியாகவே நிற்கிறார்.

நாம் செய்யக் கூடியது

நம் கல்லூரியில் படிப்பவர்களில் பெரும்பாலோர், குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். வீட்டில் ஒரு பத்திரம் வந்தால் “தம்பி, இதைப் படி” என்று நம்மிடம்தான் நீட்டுவார்கள். படிக்கத் தெரிந்த நாம் பொருள் சொல்லத் தெரியாமல் விழித்தால் பட்டத்தால் என்ன பயன்? ஆகவே மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, கையெழுத்திடும் முன் ஒவ்வொரு அடுக்கையும் பிரித்து, ஒவ்வொரு சொல்லிடமும் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: “நீ இல்லாவிட்டால் என்ன குறையும்?” குறையாது என்றால் அது ஓதும் சொல். குறையும் என்றால் அது கடிக்கும் சொல். அங்கே நின்று பேசவேண்டும். அதோடு, நாம் நம்பியிருக்கும் செய்தி அப்பத்திரத்தில் எந்த வரியில் இருக்கிறது என்றும் தேடவேண்டும். இல்லையென்றால் எழுதச் சொல்லவேண்டும்.

இரண்டாவது, கடன், ஜாமீன், அதிகாரப் பத்திரம் ஆகியவற்றின் முதற்பக்கத்தில் எளிய தமிழில் ஐந்தாறு வரிச் சுருக்கம் இருக்கவேண்டும் என்று அரசு விதி செய்யலாம். “கடன்தாரர் கட்டாவிட்டால் முழுத் தொகையையும் உங்கள் ஒருவரிடமே வாங்க முடியும்” என்ற ஒரே வரி, எத்தனை வீடுகளைக் காக்கும்!

மூன்றாவது, நம் வணிகவியல் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து, பத்திரங்களில் வரும் அடுக்குச் சொற்களுக்குப் பொருள் கூறும் சிறு கையேடு ஒன்றை உருவாக்கலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் ஊர்களில், சாலை பெருக்கும் நேரம் போக ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்கலாம். திண்ணையில் பத்துப் பேர் அமர, ஒரு பழைய பத்திரத்தை நடுவில் வைத்துச் சொல் சொல்லாய்ப் பிரித்துப் பொருள் சொன்னால், அதைவிடச் சிறந்த முதியோர் கல்வி வேறென்ன இருக்கிறது?

சென்ற மாதம் எங்கள் கடையின் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. தந்தையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என்னையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு வரிக்கு ஒரு முறை நிறுத்தினார். “பழுது, சேதாரம், தேய்மானம் அனைத்தையும் வாடகைதாரரே” என்று வந்தபோது அவர் விரல் ‘தேய்மானம்’ என்ற சொல்லில் நின்றது.

“பதினைந்து வருஷம் புழங்கினா தரை தேயத்தானே செய்யும்? இதை எடுத்துடுங்க” என்றார்.

வீட்டுக்காரர், “எல்லா ஒப்பந்தத்துலயும் அப்படித்தானே...” என்று தொடங்கினார்.

“அதனாலதாங்க கேக்கறேன்” என்றார் தந்தையார்.

அந்தச் சொல் அடிக்கப்பட்டது. அடித்த இடத்தில் இருவரும் சிறு கையெழுத்திட்டார்கள். அந்தக் கேள்வியைக் கற்றுக்கொள்ள எங்கள் குடும்பம் நான்கு ஆண்டுகள் தவணை கட்டியது. நண்பர்களே, நீங்கள் அதைக் கட்டாமலே கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதினேன்.